தொண்ணூறு நாள் கெடு

இந்தக் கல்லில் உட்காருங்க சார். டிரான்ஸ்பார்மர் நிழல் இன்னும் அரை மணி நேரம் இங்கேயே நிற்கும். இந்தக் காற்றாலைக் காத்தாடிக்குள்ளே ஏறிப் பார்க்க வேண்டும் என்றால் சாவி வேண்டும். சாவி பெனிஷாவிடம் இருக்கிறது. பராமரிப்புக் கம்பெனிப் பெண். பணகுடியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டாளாம்.

அவள் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். விற்கிறவன் வாங்க வந்தவனிடம் சொல்லக்கூடாததுதான். என் வீட்டுக்காரி லீலா பக்கத்தில் இருந்தால் வாயைப் பொத்தியிருப்பாள். ஆனால் நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், ஏறிப் பார்த்தால் தெரியத்தான் போகிறது. தெரியாவிட்டாலும் பெனிஷா சொல்லிவிடுவாள். உள்ளதை உள்ளபடி சொல்லுகிற பெண். அதுதான் அவளிடம் இருக்கிற குறை. அந்தக் குறையால்தான் நான் இன்றைக்கு இப்படி நிற்கிறேன்.

என் பேர் வைகுண்டமணி. பழவூர் மணி என்றால் வள்ளியூர் வரைக்கும் தெரியும். பழைய இரும்பு வியாபாரம். பதினாலு வயதில் தள்ளுவண்டி. ஓட்டை வாளி, உடைந்த சைக்கிள், பிறகு பம்புசெட், பிறகு லாரி, பிறகு மூடின மில்லில் கிடக்கும் மெஷின் எல்லாம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மிச்சம் அடிபட்டுப் படித்தது. அதில் முதல் பாடம், எவனும் வாய் திறந்து முதலில் சொல்லும் விலை அவன் விலை இல்லை. நூறு என்றால் அறுபது. கோபக்காரன் வந்தால் ஐம்பத்தைந்து. நான் கோபக்காரன். சட்டென்று 'வேண்டாம் போ' என்று வண்டியைத் திருப்பிவிடுவேன். பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிடாமல் விட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்தக் காத்தாடியையும் உடைக்கத்தான் வந்தேன் சார். ஒரு நூல்மில்காரர்கள் நொடித்துப்போய் இதை விற்றார்கள். அது ஆடி மாதம். கேஸ் கட்டர் எந்த இடத்தில் வைக்கலாம் என்று பார்க்க டவரைச் சுற்றி வந்தேன். மேலே ஓடிக்கொண்டிருக்கிறது. டவரில் கையை வைத்தேன். உள்ளே ஒரு அதிர்வு, பசுமாட்டின் வயிற்றில் கை வைத்த மாதிரி. இருபத்தெட்டு வருஷத்தில் நான் வாங்கின எந்தச் சாமானும் வாங்கும்போது ஓடிக்கொண்டிருந்ததில்லை. எல்லாம் செத்த பிறகுதான் என் கைக்கு வரும். கையை எடுக்க மனசு வரவில்லை. வீட்டுக்குப் போய் லீலாவிடம் சொன்னேன், இதை உடைக்கப் போவதில்லை, ஓட்டப் போகிறேன் என்று. "உங்களுக்குக் காத்தாடியைப் பத்தி என்ன தெரியும்" என்றாள். "காத்து அடிச்சா சுத்தும்" என்றேன்.

இரும்புக் கடை மனையை விற்றுத்தான் வாங்கினேன். அது தெரிந்துகொள்ளுங்க. திரும்பிப் போக எனக்குக் கடை இல்லை. இதுதான் இருந்தது.

இரண்டு சீசன் ஓடியது. இந்தப் பக்கம் வைகாசிக் கடைசியில் காற்று பிடித்தால் புரட்டாசி வரை விடாது. கணவாயிலிருந்து இறங்குகிற காற்று. அந்த நாலு மாதத்தில் ஓடுவதுதான் வருஷத்துக்குச் சோறு. மற்ற எட்டு மாதம் சும்மா பேருக்குச் சுற்றும். நல்ல காற்றில் ஒரு நாளைக்கு நாலாயிரம் யூனிட். யாரோடும் பேரம் பேச வேண்டாம். மின்வாரியம் ஒரு விலை வைத்திருக்கிறது, அதுதான் விலை. வாய் திறக்காமல் சம்பாதித்தது வாழ்க்கையில் அந்த இரண்டு வருஷம்தான்.

போன தை மாதம் பெனிஷா வந்தாள். மாதம் ஒரு தடவை வருவாள். கையில் ஒரு சின்னப் பெட்டி, அதன் வயர் நுனியில் காந்தம். மேலே ஏறி அந்தக் காந்தத்தைக் கியர்பாக்ஸில் ஒட்டுவாள். பெட்டி அதிர்வை எழுதிக்கொள்ளும், டாக்டர் இ.சி.ஜி. எடுக்கிற மாதிரி. இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணாச்சி, கியர்பாக்ஸ் பின்பக்கத்துல ஒரு பேரிங் போயிட்டிருக்கு. காதுக்குச் சத்தம் வராது, பெட்டியில தெரியுது. இன்னும் தொண்ணூறு நாள் தாங்கும்."

"ஓடிட்டுத்தானம்மா இருக்கு?"

"ஓடுது."

"ஓடுத சாமானுக்கு எதுக்கு வைத்தியம்?"

"நின்ன பொறவு பாக்கதுக்கு நான் எதுக்கு அண்ணாச்சி? இப்பம்னா கிரேன் வேண்டாம். மேலேயே வச்சு மாத்திரலாம். ரெண்டு நாள் வேலை. காத்தும் இல்லாத நேரம், உங்களுக்கு ஒரு யூனிட்கூட நட்டம் இல்ல."

பேரிங் விலையும் கூலியும் சொன்னாள். நான் வழக்கப்படி பாதியிலிருந்து ஆரம்பித்தேன். அவள் கூலியில் கொஞ்சம் குறைத்தாள். பேரிங்கில் குறைக்க முடியாது என்றாள். சரி, நாளிலாவது பார்ப்போம் என்று, "தொண்ணூறு என்ன தொண்ணூறு, நூத்தம்பதுன்னு வச்சுக்கிடுவோம்" என்றேன்.

"அது நான் வைக்க கணக்கு இல்ல அண்ணாச்சி. பேரிங் வைக்க கணக்கு."

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. 'அப்பம் வேண்டாம் போ' என்று பைக்கை எடுத்தேன். கேட் வரைக்கும் மெதுவாகத்தான் போனேன். கூப்பிடுவாள் என்று. திரும்பிப் பார்த்தால் அவள் வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அங்கேதான் சார் எனக்குச் சந்தேகம் வந்தது. நிஜமாகவே ஆபத்து என்றால் ஒருத்தி இப்படியா சொல்வாள்? ரேஷன் கடையில் இன்றைக்குச் சீனி வரவில்லை என்று சொல்கிற குரல். பதற வேண்டாமா. 'ஐயையோ அண்ணாச்சி, தலை போயிரும்' என்று ஒரு வார்த்தை வேண்டாமா. என் சர்வீஸில் நஷ்டம் வருகிறவன் குரலும் தெரியும், சாமானைத் தள்ளிவிடப் பார்க்கிறவன் குரலும் தெரியும். இது இரண்டும் இல்லை. இரண்டும் இல்லாத குரலை நான் கேட்டதே இல்லை. என்ன செய்வேன்?

மாசியில் வந்தாள். "அறுபது நாள் அண்ணாச்சி" என்றாள். பங்குனியில் வந்தாள். "முப்பது" என்றாள்.

சிரிக்காதீங்க. நான் என்ன நினைத்தேன் என்று உள்ளபடி சொல்கிறேன். நான் வாயே திறக்கவில்லை, தொண்ணூறு அறுபதாகி, அறுபது முப்பதாகிவிட்டது. என் தொழிலில் ஒருத்தன் தன்னாலேயே இறங்கி வருகிறான் என்றால் அவனுக்குப் பிடிமானம் இல்லை என்று அர்த்தம். பேசாமல் இருந்தால் இன்னும் இறங்குவான். நாள் கழிய நாள் குறையும் என்பது தெரியாத முட்டாள் இல்லை நான். ஆனால் காது பழகிப்போச்சு சார். நம்பர் இறங்குகிற சத்தம் கேட்டால் வாயை மூடிக்கொள்ளப் பழகின காது.

சித்திரையில் தொண்ணூறாவது நாள் வந்தது. காலண்டரில் குறித்து வைத்திருந்தேன். காலையில் வந்து பார்க்கிறேன், காத்தாடி ஜம்மென்று சுற்றுகிறது. வள்ளியூருக்கு ஆள் அனுப்பி அரைக்கிலோ அல்வா வாங்கி வரச் சொன்னேன். பெனிஷாவைக் கூப்பிட்டு நீட்டினேன்.

"எதுக்கு அண்ணாச்சி அல்வா?"

"உன் தொண்ணூறுக்குக் கருமாதி."

அவள் கோபப்படவில்லை. ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "காத்து கம்மியா இருந்ததுனால தாங்கியிருக்கு. காத்து பிடிச்சா மிச்ச நாள் எல்லாம் ஒரே நாள்ல ஓடிரும்" என்றாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு மேலே ஏறினாள். அரை மணி நேரம் கழித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு இறங்கினாள். கியர்பாக்ஸ் எண்ணெய். காந்தத்தை அதில் முக்கி எடுத்தாள். காந்தத்தில் கறுப்பாக மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. என் உள்ளங்கையில் வழித்து வைத்தாள்.

விரலால் தேய்த்தேன். சார், எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அந்தப் பெட்டியில் ஓடுகிற கோடு தெரியாது. இரும்பு தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டு இது வார்ப்பு, இது ஸ்பிரிங், இது தண்டவாளம் என்று சொல்வேன். அது பேரிங் தூள் மட்டும் இல்லை. பல் சக்கரத்தின் தூளும் அதில் இருந்தது. மினுக்கென்று, முனை கூர்மையாக. விரலில் குத்தியது.

"இப்பம் பேரிங் மட்டும் போதாது அண்ணாச்சி. கியர்பாக்ஸைக் கீழ இறக்கணும். கிரேன் வேணும். காத்து வரதுக்குள்ள."

அன்றைக்கு நான் மறுவார்த்தை பேசவில்லை. அதைக் கேட்டுக்கொள்ளுங்க. இந்த மணி பிடிவாதக்காரன் என்று ஊரில் பேசுகிறார்கள். அன்றைக்கு சாயங்காலமே காவல்கிணறு போய் செல்லையாவைப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் அவ்வளவு உயரத்துக்கு எட்டுகிற கிரேன் அவரிடம்தான். ஒரே கிரேன், அவரே ஓட்டுவார். வாடகை சொன்னார். சொன்னது அநியாயம். சீசனுக்கு முன்னால் எல்லாக் காத்தாடிக்காரனும் ஓடி வருவான் என்று ஏற்றி வைத்த விலை. நான் பாதி சொன்னேன். அவர் சிரித்தார். நான் பைக்கைத் திருப்பினேன். அவர் கூப்பிட்டார். பாருங்க, அவர் கூப்பிட்டார். தொழில் தெரிந்த மனுஷன். எனக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்துவிட்டது. மூன்று மாதமாகச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவனுக்கு வாய் உள்ள ஆள் கிடைத்தால் எப்படி இருக்கும்.

முப்பத்தொன்பது நாள் பேசினோம். தினமும் போவேன். டீ வாங்கித் தருவார். "வே மணி, இது கிரேன் வே, கத்தரிக்கா இல்ல" என்பார். "கத்தரிக்காயாவது அழுகும்னு பயந்து குறைப்பான். உம்ம கிரேன் அழுகவா போகுது" என்பேன். ஆயிரம் குறைப்பார். நான் ஐந்நூறு ஏற்றுவேன். லீலா ஒருநாள் மொட்டைமாடியிலிருந்து கத்தினாள், "கொடியில துணி நிக்க மாட்டேங்கு, பறந்து பக்கத்து வீட்டுல கெடக்கு. நீங்க இன்னும் கிரேன்காரங்கூட பேசிட்டே இருங்க." பொம்பளைக்கு என்ன தெரியும் என்று காதில் வாங்கவில்லை.

வைகாசி இருபத்தெட்டாம் தேதி செல்லையா என் விலைக்கு வந்தார். என் விலைக்கு சார். இந்த வட்டாரத்தில் அந்த மனுஷனை அந்த விலைக்கு இறக்கினவன் வேறு எவனும் இல்லை. இப்போதும் போய்க் கேட்டுப்பாருங்க. இளநீர் வெட்டிக் குடித்தோம்.

முப்பதாம் தேதி காற்று பிடித்தது.

ஆனி ஒன்றாம் தேதி கிரேன் வந்து அதோ அந்த வேப்பமரத்துப் பக்கம் நின்றது. பெனிஷா கையில் காற்று அளக்கிற ஒரு குட்டிச் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தாள். நொடிக்குப் பதிமூன்று மீட்டர் காட்டியது. எட்டுக்குக் கீழே இருந்தால்தான் இறக்கையைக் கழற்றித் தூக்க முடியும். நாளைக்குக் குறையும் என்றேன். மறுநாள் பதினாலு.

"கிரேன் தூக்குத வரைக்கும் காத்தாடியை நிப்பாட்டி வைங்க அண்ணாச்சி. பேரிங்தான் போயிருக்கு, பல்லு கொஞ்சம்தான் தேஞ்சிருக்கு. நிப்பாட்டினா மத்த சக்கரம் எல்லாம் தப்பிச்சிரும்" என்றாள்.

எப்படி சார் நிறுத்துவது. எட்டு மாதம் காத்திருந்த காற்று. சுற்றிப் பதினேழு காத்தாடி, அத்தனையும் ஓடுகிறது. கிரேன் சும்மா நிற்கிறதற்கு வாடகை ஓடுகிறது. காத்தாடியும் சும்மா நிற்கட்டும் என்றால் நான் எதைத் தின்பது? கிரேன் தூக்குகிற அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம், அதுவரை ஓடட்டும் என்றேன். அவள் ஒரு தாளை நீட்டினாள். அவள் சொன்னதைக் கேட்காமல் நான் ஓட்டுகிறேன் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வாரம் போல என் காத்தாடி ஓடினதே இல்லை. மூன்றாம் நாள் நாலாயிரத்து எழுநூறு யூனிட். பெனிஷாவுக்குப் போன் போட்டு யூனிட் கணக்கு வாசித்தேன். "சரி அண்ணாச்சி" என்றாள். அவ்வளவுதான்.

ஆனி ஏழு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இதே கல்லில் உட்கார்ந்திருந்தேன். மேலே ஒரு சத்தம். தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி. பிறகு ஒரே ஒரு அடி. சம்மட்டி அடி எனக்குப் பழக்கம். இது மேலேயிருந்து என் மேலேயே விழுந்த மாதிரி இருந்தது. பிரேக் பிடித்து இறக்கை நின்றது. டவரில் கையை வைத்தேன். வெறும் இரும்பு.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றுமில்லை சார். ஒன்றும் நடக்காததுதான் நடந்தது. கியர்பாக்ஸை இறக்கினால் வேறு ஒன்று மாற்றி ஓட்டலாம், சீசன் மூன்று மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இறக்கக் கிரேன் இருக்கிறது, என் விலைக்கு வந்த கிரேன். காற்று விடவில்லை. எந்தக் காற்றுக்காகக் காத்தாடி வாங்கினேனோ அந்தக் காற்று. தினமும் காலையில் பெனிஷா சக்கரத்தைத் தூக்கிப் பிடிப்பாள். பதினைந்து. பன்னிரண்டு. பதினாறு. பதினேழு காத்தாடியும் என்னைச் சுற்றி நின்று ஓடும். அடுத்த காத்தாடிக்காரன் வரப்பில் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போவான். ஏசினால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆனி இருபதில் ஒருநாள் விடியக்காலை பத்து காட்டியது. "பத்துதானம்மா. எட்டுன்னு எழுதிக்கோ" என்றேன்.

"பத்து அண்ணாச்சி."

"ஒன்பதுன்னாவது எழுது."

"நான் எட்டுன்னு எழுதினா காத்து எட்டா அடிக்குமா?"

அவளை விட்டுவிட்டு செல்லையாவிடம் போனேன். பேசின வாடகையை விடும், நீர் முதலில் சொன்ன விலையே தருகிறேன், தூக்கும் என்றேன். என் வாழ்க்கையில் இறக்கின விலையை நானே ஏற்றினது அன்றைக்குத்தான். அவர் கிரேனிலிருந்து இறங்கி வந்தார். சாவியை எடுத்து என் சட்டைப்பையில் போட்டார்.

"ஏறும் வே. நீரே தூக்கும். இறக்கை மூணு டன். ஒரு வீச்சு வந்தா எங்க போகும்னு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரிஞ்சா ஏறும்."

நிஜமாகவே கிரேன் ஏணியில் இரண்டு படி ஏறினேன். பார்த்தால் உள்ளே எத்தனை கம்பி, எத்தனை பிடி. எதைத் தொட்டால் எது அசையும் என்று ஒன்றும் புரியவில்லை. கீழே அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இறங்கிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போது ஒரு காற்று வந்து பெனிஷா தலையிலிருந்த ஹெல்மெட்டைத் தட்டிக் கொண்டுபோனது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து, சக்கரத்தைப் பார்த்து, "பத்தொன்பது" என்றாள்.

செல்லையா மறுநாள் கிரேனைக் கொண்டுபோய்விட்டார். தூத்துக்குடியில் வேலை இருக்கிறதாம். நின்ற நாளுக்கு வாடகையில் அவரே கொஞ்சம் குறைத்துக்கொண்டார். நான் கேட்கவே இல்லை. அது எனக்கு ரொம்ப வலித்தது.

புரட்டாசி கடைசியில் காற்று விட்டது. வேறு கிரேன் வந்தது. அரை நாள் வேலை சார். காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாம் தரையில் கிடந்தது. திறந்தால் உள்ளே சக்கரம் என்று ஒன்று இல்லை. தண்டும் வளைந்திருந்தது. இதோ இந்தச் சாக்குக்குக் கீழே கிடப்பதுதான். இறக்கையையும் அதை மாட்டுகிற மூக்கையும் திரும்ப மேலே ஏற்றி வைத்துவிட்டோம், கியர்பாக்ஸ் இடம்தான் காலி. புதுசு போட வேண்டும் என்றால் இந்தக் காத்தாடியை வாங்கின காசு ஆகும். அதனால்தான் உங்களுக்குப் போன் போட்டேன்.

பெனிஷாவிடம் அன்றைக்கு நல்லாக் கேட்டுவிட்டேன். "நீ ஒழுங்காச் சொல்லியிருந்தா இது நடந்திருக்குமா?" என்றேன். அவள் அந்தச் சக்கரத் துண்டுகளைப் பொறுக்கி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேற எப்படிச் சொல்லணும் அண்ணாச்சி?"

"மொதல்ல பத்து நாள்னு சொல்லியிருக்கணும். நான் விடுவேனா? இழுத்திருப்பேன். இருபதும்பேன், அம்பதும்பேன், ஒரு மணி நேரம் கத்தியிருப்பேன். கடைசில தொண்ணூறுல வந்து நிப்பாட்டியிருப்பேன். அந்தத் தொண்ணூறை நான் நம்பியிருப்பேன்."

"பொய் சொல்லச் சொல்லுதீங்களா?"

"பொய் இல்லம்மா. வியாபாரம்."

அவள் அடுத்த துண்டை எடுத்து வரிசையில் வைத்தாள். இப்போதும் சொல்கிறேன் சார், தப்பு அவள் பேரில்தான். விலையை முதல் வாயிலேயே உள்ளபடி சொன்னால் எந்த மனுஷன் நம்புவான்? நீங்கள் நம்புவீர்களா?

அதோ தூசி கிளம்புகிறது பாருங்க. அவள்தான். வருவதற்குள் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்?

ஓட்டத்தானா. சரி.

நானும் ஒரு நாற்பது பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ராதாபுரத்தில் ஒரு வாத்தியார், அவர் அப்பா வைத்திருந்த மாவுமில் எஞ்சினை விற்றார். 'ஓட்டுவியாப்பா' என்று கேட்டார். 'ஓட்டத்தான் சார் வாங்குறேன்' என்றேன். மனுஷனுக்கு முகம் தெளிந்துபோச்சு, விலையில் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். அவர் தெருவைத் தாண்டினதும் வண்டியிலேயே வைத்து உடைத்தோம். ஓட்டுகிறவன் வந்து இறங்கினதும் போன வருஷம் எத்தனை யூனிட் என்று கேட்பான் சார். இறக்கையை அண்ணாந்து பார்ப்பான். நீங்கள் டவர் எத்தனை டன் என்று கேட்டீர்கள். கதவோரத்தில் தகட்டின் கனத்தை விரல் வைத்து அளந்தீர்கள். நானும் அந்த விரலைத்தான் வைப்பேன்.

பரவாயில்லை. காலையில் போனில் சொன்னீர்களே, அந்த விலையே இருக்கட்டும். நான் ஒன்றும் பேசப் போவதில்லை. பேச வாய் வரவில்லை.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டாள். அவளும் இதே கேள்வியைக் கேட்பாள், ஓட்டவா உடைக்கவா என்று. மூன்று வருஷமாக மாதாமாதம் ஏறி இறங்கின காத்தாடி. எனக்குச் சொன்ன பதிலையே அவளுக்கும் சொல்லிவிடுங்க. முதலில் சொல்வதை அப்படியே நம்புகிற பெண் சார் அது.